வழக்குமன்ற எழுத்துப்பணி: தமிழ் மாணவர்க்கு ஒரு வழிகாட்டி

முன்னுரை

தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் பயிலும் மாணவரை நோக்கி உற்றாரும் ஊராரும் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. ‘தமிழ் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?’ என்பதே அது. ஆசிரியப்பணி என்னும் ஒற்றை விடையையே நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அப்பணியிடங்களோ சிலவே, விரும்புவோரோ பலர். ஆகவே தமிழறிவு நாள்தோறும் தேவைப்படும் பிற பணிக்களங்களை மாணவர்க்குக் காட்டுதல் நம் கடமையாகிறது. அவற்றுள் ஒன்று வழக்குமன்ற வளாகம்.

வழக்குரைஞர் அலுவலகத்தில் ஆவணம் எழுதி, தட்டச்சு செய்து, நாள் குறித்து, கட்டுகளைக் காத்து நிற்பவரைச் சட்ட அலுவலகச் செயலர் என்பர். நம் ஊர்வழக்கில் அவர் ‘வக்கீல் குமாஸ்தா’. அவரைச் சார்ந்து சுருக்கெழுத்தர், தட்டச்சர், பத்திர எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற ஊழியர் எனப் பல பணிகள் உள்ளன. இப்பணிகளின் தன்மை, அவற்றிற்கு வேண்டிய தகுதி, வேலை தேடும் முறை, வளரும் வழி ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்துப்பணியின் தொன்மை

எழுத்தர் பணியைச் சிறுபணியெனக் கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘திருமந்திர ஓலை’, ‘திருமந்திர ஓலை நாயகம்’ என்னும் அலுவலர் இடம்பெறுகின்றனர். அரசன் வாய்மொழியை ஓலையில் ஏற்றியவரும், அவ்வோலையைச் சரிபார்த்து ஒப்பமிட்டவரும் இவரே. அரசாணைக்கு உயிர் கொடுத்தது இவர்தம் எழுத்து எனலாம்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. சுந்தரரை அடிமையென உரிமை கோரிய முதியவர் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். அவையில் கரணத்தான் மூல ஓலையைப் படிக்கிறான். சான்று ஒப்பமிட்டோர் தம் எழுத்தை அறிந்து ஏற்கின்றனர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்து ஒப்பிடப்படுகிறது. அசலும் நகலும், சாட்சிக் கையொப்பம், கையெழுத்து ஒப்பீடு என இன்றைய சாட்சியச் சட்டம் பேசும் கூறுகள் மூன்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தில் தெளிவாக இடம்பெற்றுள்ளன. இலக்கிய வகுப்பில் பக்திச் சுவைக்காகப் படிக்கும் இப்பகுதியை ஆவணவியல் நோக்கிலும் படித்தல் தகும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தலின் இன்றியமையாமையைத் திருக்குர்ஆனும் வலியுறுத்துகிறது. அதன் வசனங்களுள் மிக நீண்டது அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுத்தில் பதிவதையும், எழுதுவோன் நேர்மை வழுவாது எழுதுவதையும், சாட்சி வைப்பதையும் அது பேசுகிறது. எழுத்தர் என்னும் மனிதர் அங்கே பொறுப்புமிக்க இடத்தில் நிறுத்தப்படுகிறார்.

அண்மைக் காலத்தில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வாழ்வு நமக்குச் சான்று. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கியவர் மொழிபெயர்ப்பாளராகி, பின் முன்சீப் ஆனார். ஆங்கிலத் தீர்ப்புகளின் சாரத்தை ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862ஆம் ஆண்டு தமிழில் தந்தார். 1879ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தால் தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் புகழும் பெற்றார். நாகூரில் 1921ஆம் ஆண்டு பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக 1979ஆம் ஆண்டு பொறுப்பேற்ற மு. மு. இஸ்மாயில் அவர்களோ கம்பனில் தோய்ந்த பேரறிஞர். சட்டமும் தமிழும் ஒரே நெஞ்சில் தங்கும் என்பதற்கு இவ்விருவரும் போதிய சான்றாவர்.

நீதிமன்றத்தில் தமிழின் இடம்

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதில் 1976ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தால் மாவட்ட, சார்பு, முன்சீப் நீதிமன்றங்கள் முதலிய கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் தமிழ் மொழியாயிற்று. உயர் நீதிமன்றத்தின் நிலை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்திற்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தையே மொழியாக வைத்துள்ளது. உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் தமிழைப் பயன்படுத்த வேண்டித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்நிலையால் விளைவது யாது? கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியமும் தமிழில் எழுதப்பட்ட பத்திரமும் மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட வேண்டியுள்ளன. உச்ச நீதிமன்றமோ 2019ஆம் ஆண்டு முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கிற்று. தமிழும் அவற்றுள் ஒன்று. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஓயாது மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவரும் தமிழ் மட்டும் அறிந்தவரும் இங்கே பாதிப் பயனே தருவர். இரண்டையும் பிழையற எழுத வல்லவரே வேண்டப்படுகின்றனர். எனவே தமிழ் மாணவர் ஆங்கிலத்தை அஞ்சி ஒதுங்குதல் கூடாது.

வழக்குமன்றச் சொற்கள்

வழக்குமன்றத் தமிழ் நம் பாடநூல் தமிழன்று. நவாபுகள் ஆட்சிக்காலத்து அரபு, பாரசீகச் சொற்களும், பின்வந்த ஆங்கிலச் சொற்களும், அரசு அளித்த தமிழ்ச் சொல்லாக்கங்களும் அதில் கலந்து கிடக்கின்றன. வக்கீல், வக்காலத்து, முன்சீப், அமீனா, தாவா, வாய்தா, ஜாமீன், ஜப்தி, ராஜி, ரத்து, ஷரத்து, ஆஜர், அசல், நகல், பாக்கி, வசூல், கைதி ஆகியன அரபு வேரிலிருந்து வந்தவை. பெரும்பாலும் பாரசீக, உருது வழியாகத் தமிழில் புகுந்தவை. குமாஸ்தா, சிரஸ்தார் ஆகியன பாரசீகச் சொற்கள். மதரசாவில் அரபு எழுத்துக் கற்ற மாணவர் இச்சொற்களின் வேரை எளிதில் உணர்வர். பொருள் மனத்தில் நிலைக்கும்.

இவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களையும் மாணவர் அறிதல் வேண்டும். பிராது என்பது வழக்குரை. வாய்தா என்பது தவணை. ஜாமீன் என்பது பிணை. ஜப்தி என்பது பற்றுகை. ஷரத்து என்பது நிபந்தனை. முதிய கட்சிக்காரரிடம் ‘வாய்தா’ என்றும், மனுவில் ‘ஒத்திவைப்பு’ என்றும் இடமறிந்து வழங்குதல் வேண்டும். வருவாய்த்துறை ஆவணங்களில் ‘பசலி’ என்னும் ஆண்டுக் கணக்கு வரும். அது ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடிவது. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 என்பது 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்தது என அறிக.

சொல்லோடு நில்லாது இலக்கணத்திலும் கருத்து வேண்டும். ‘வடக்கே உள்ள வீட்டையும் மனையையும் என் மகளுக்குக் கொடுக்கிறேன்’ என்று ஒருவர் எழுதி வைத்தால், ‘வடக்கே உள்ள’ என்னும் அடை வீட்டுக்கு மட்டுமா, மனைக்கும் சேர்த்தா என்னும் ஐயம் எழும். அந்த ஐயம் உடன்பிறந்தாரை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தும். ‘அவர் பணம் தரவில்லை என்றார்’ என்னும் தொடரில் தராதவர் யார்? சொன்னவரா, பிறரா? ‘தாம் தரவில்லை என்றார்’ என எழுதினால் ஐயம் நீங்கும். ‘கடை பிடித்தான்’ என்பதற்கும் ‘கடைப்பிடித்தான்’ என்பதற்கும் ஓர் ஒற்றே வேறுபாடு. பொருளோ முற்றிலும் வேறு. ஆங்கிலச் சட்டத்தில் ‘ஷால்’ என்று வருமிடத்தில் ‘செய்தல் வேண்டும்’ என்றும், ‘மே’ என்று வருமிடத்தில் ‘செய்யலாம்’ என்றும் பெயர்த்தல் பொதுவான முறை. இரண்டையும் மாற்றினால் கட்டாயம் விருப்பமாகிவிடும். நன்னூலும் தொல்காப்பியமும் கற்ற மாணவர்க்கு இத்துறையில் ஏன் இடமுண்டு என்பது இதனால் விளங்கும்.

அலுவலகத்தில் செய்யும் பணி

வழக்குரைஞர் அலுவலகச் செயலரின் பணிகளை நான்காக வகுக்கலாம்: நாள் காத்தல், கட்டு காத்தல், எழுதுதல், நீதிமன்றம் சென்று வருதல்.

இவற்றுள் தலையாயது நாள் காத்தலே. சட்டத்தில் ஒவ்வொன்றிற்கும் காலவரையறை உண்டு. கடனுறுதிச் சீட்டின் மீதான வழக்குக்கு மூன்று ஆண்டு. உரிமையியல் வழக்கில் அழைப்பாணை பெற்ற எதிர்வாதி 30 நாளில் எதிர்வழக்குரை தாக்கல் செய்தல் வேண்டும். நீதிமன்றம் காரணம் பதிந்து 90 நாள் வரை நீட்டிக்கலாம். முன்னெச்சரிக்கையாகத் தாக்கல் செய்யும் கேவியட் மனு 90 நாளே செல்லும். காசோலை திரும்பியதாக வங்கி அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்புதல் வேண்டும். அதனைப் பெற்றவர்க்குப் பணம் செலுத்த 15 நாள் உண்டு. செலுத்தாவிடில் அடுத்த ஒரு மாதத்திற்குள் புகார் தாக்கலாதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தீர்ப்பு ஜூன் 10ஆம் நாள் உரைக்கப்பட்டது எனக் கொள்வோம். அந்நாளை நீக்கி எண்ணினால் கெடு ஜூலை 10. நகல் மனு ஜூன் 20இல் கொடுத்து, நகல் ஜூன் 29இல் ஆயத்தமாயின், இரு நாளும் உட்பட அந்த 10 நாள்கள் கழிக்கப்பட்டுக் கெடு ஜூலை 20 ஆகும். ஆனால் நகலுக்குரிய முத்திரைத்தாளை நீதிமன்றம் கேட்ட பின்னும் நாம் காலம் தாழ்த்திக் கட்டினால், அத்தாமதம் நம் கணக்கிலேயே சேரும். நகலின் இறுதியில் மனுக் கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் ஆயத்தமான நாள் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரிகளைப் படிக்கத் தெரியாத எழுத்தரால் ஓர் ஏழையின் வீடு கைமாறிப் போகக் கூடும். வழக்குரைஞர் எவ்வளவு திறமையாக வாதிட வல்லவராயினும் நாள் தவறிய வழக்கில் தாமதத்தை மன்னிக்க வேண்டியே முதலில் நிற்க வேண்டியவராவார்.

கட்டு காத்தலாவது, ஒவ்வொரு வழக்கின் தாள்களையும் வழக்குரை, எதிர்வழக்குரை, மனுக்கள், ஆவணங்கள், சாட்சியம் என வரிசைப்படுத்தி வைத்தல். அசல் பத்திரத்தைப் பெறுகையில் ஒப்புகை எழுதிக் கொடுத்தலும், திருப்புகையில் கையொப்பம் வாங்குதலும் மறவற்க. இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். அடையாளம் தரப்படுகிறது. அதனைக் கொண்டு அடுத்த தவணையையும் உத்தரவையும் மின்-நீதிமன்ற இணையதளத்தில் அறியலாம். மின்வழித் தாக்கலும் பரவியுள்ளது. எனவே கையேட்டில் நாள் குறிக்கும் பழக்கத்தோடு கணினியில் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும்.

எழுதுதலில் மாற்றங்களை உடனுக்குடன் அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றுதலுக்கு மக்கள் நாவில் ஊறிய ‘420’ இன்று 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. கொலைக்குரிய ‘302’ இன்று 103. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு எண்களையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பத்திரம் எழுதும் கலை

கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை, குத்தகை, உயில், பொது அதிகாரம் எனப் பத்திரங்கள் பலவகை. பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டினது. பதிவுக்குரிய ஆவணத்தை எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பதிவுக்குத் தருதல் வேண்டும். உயிலுக்கு இக்கெடு இல்லை. தமிழ்நாட்டில் ஆவண எழுத்தர் உரிம விதிகள் 1982ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. உரிமம் பெற்றவர் பத்திரம் எழுதுவதைத் தனித் தொழிலாகவே கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு முதல் பதிவுப்பணி இணையவழியில் நடைபெறுவதால் கணினிப் பயிற்சியும் இதற்குத் தேவையாயிற்று.

பத்திரத்தின் உயிர் சொத்து விவரத்தில் உள்ளது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு ஆகியவற்றை மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஒருவர் படிக்க மற்றவர் பார்த்து வரும் பழைய முறையே இன்றும் சிறந்தது. திசை ஒன்று மாறினால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத நேரிடும்; அதற்குள் விற்றவர் இறந்துவிட்டால் வாரிசுகள் அனைவரையும் தேடிச் செல்லும் நிலை வரும்.

முஸ்லிம் குடும்பங்களின் ஆவணங்களை எழுதுவோர் சில தனிச்செய்திகளையும் அறிதல் நலம். ‘ஹிபா’ என்னும் கொடைக்குக் கொடுப்பவர் அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், உடைமையை ஒப்படைத்தல் என்னும் மூன்று உறுப்புகள் வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம் கொடை விதிகளைக் காக்கிறது. எழுத்தில் வடிக்கப்பட்டதனால் மட்டும் ஹிபாவிற்குப் பதிவு கட்டாயமாகிவிடாது என உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் கூறியது. ஆனால் உடைமை உண்மையில் ஒப்படைக்கப்படாமல் ‘ஒப்படைக்கப்பட்டது’ எனத் தாளில் மட்டும் எழுதும் இடத்திலேதான் வழக்குகள் பிறக்கின்றன. உயிலைப் பொறுத்தவரை, வாரிசல்லாதார்க்குச் சொத்தில் மூன்றிலொரு பங்கு வரையே எழுதலாம் என்பதும், வாரிசு ஒருவர்க்கு எழுதினால் பிற வாரிசுகளின் இசைவு வேண்டும் என்பதும் ஸுன்னத் ஜமாஅத்தாருக்குரிய பொது விதி. பொதுமாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தகுதிகளும் தேர்வுகளும்

முதல் தகுதி தட்டச்சு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறுதல் வேண்டும். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது அளவு. இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் தேறியவரே அரசுத் தட்டச்சர் பணிக்கு உரியவர். அதனுடன் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழும் பெறுதல் நன்று. தமிழில் ஒருங்குறி எழுத்துருவையும், 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் பழகிக்கொள்ளல் வேண்டும்.

சுருக்கெழுத்து கற்போர் தொகை அருகிவிட்டது. அருகியதாலேயே அதன் மதிப்பு உயர்ந்துள்ளது எனலாம். ஆங்கிலச் சுருக்கெழுத்து முதுநிலைக்கு நிமிடத்திற்கு 120 சொல் வேகம் வேண்டும். இதற்கு நாள் தவறாத பயிற்சி தேவை. பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே மாலை வேளையில் தட்டச்சுப் பயிலகத்தில் சேரும் மாணவர், படிப்பு முடியும்போது இரண்டையும் கையில் வைத்திருப்பார்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொகுதி நான்கு தேர்வின் வழி இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகியோரைத் தெரிவு செய்கிறது. அத்தேர்வில் தமிழ்மொழித் தகுதிப் பகுதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதில்லை. தமிழ் மாணவர்க்கு இஃது இயல்பான வாய்ப்பு. மாவட்ட நீதிமன்றங்களின் வாசகர், ஒப்புநோக்குநர், அமீனா முதலிய இடங்களுக்கு உயர் நீதிமன்றம் தானே அறிவிக்கை வெளியிடுவதும் உண்டு. தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010ஆம் ஆண்டு வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்பினர்க்கு 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளது. இவற்றிற்குரிய சான்றிதழ்களை அறிவிக்கை வந்தபின் தேடி அலையாமல் கல்லூரி நாள்களிலேயே பெற்று வைத்தல் அறிவுடைமை.

வேலை தேடும் முறை

வழக்குரைஞர் அலுவலகப் பணிக்குப் பெரும்பாலும் நாளிதழ் விளம்பரம் வருவதில்லை. செய்தி வாய்வழியே பரவுகிறது. வழக்குரைஞர் சங்க அறிவிப்புப் பலகை, நீதிமன்ற எதிரிலுள்ள தட்டச்சு நிலையம், முத்திரைத்தாள் விற்பனையாளர், மூத்த எழுத்தர்கள் ஆகியோரிடம் விசாரித்தல் வேண்டும். மே மாதக் கோடை விடுமுறை முடிந்து உரிமையியல் நீதிமன்றங்கள் திறக்கும் ஜூன் மாதம் தேடலுக்கு ஏற்ற காலம். காலையில் வழக்குரைஞர் நீதிமன்றம் செல்லும் பரபரப்பில் இருப்பார். முன்கூட்டிக் கேட்டறிந்து மாலையிலோ விடுமுறை நாளிலோ சென்று காணுதல் தக்கது.

விண்ணப்பம் ஒரு பக்கத்துள் அடங்கல் வேண்டும். ‘யான் கடின உழைப்பாளி, எப்பணியையும் செய்வேன்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் முதுநிலை தேறியுள்ளேன், ஒருங்குறியில் பிழையின்றித் தட்டச்சு செய்வேன், வழக்குரை, எதிர்வழக்குரை, மனு ஆகியவற்றின் அமைப்பை அறிவேன்’ என எழுதுவது நன்று. விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை ஒன்று இருப்பினும் அதுவே தகுதியின்மைக்குச் சான்றாகிவிடும். மேடைப் பேச்சையும் கவியரங்கப் பரிசையும் பட்டியலிட வேண்டா. ஒப்புநோக்கிய அனுபவம், மலர்க்குழுவில் மெய்ப்புத் திருத்திய அனுபவம் ஆகியவற்றைக் குறிப்பிடுக.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு பத்தியைச் சொல்லி எழுதச் சொல்வர். அல்லது ஓர் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கச் சொல்வர். விரைவைவிடத் திருத்தமே அங்கு நோக்கப்படும். பொருள் விளங்காத சொல்லை ஊகித்து எழுதாமல் கேட்டுத் தெளிதல் நற்பண்பாகக் கொள்ளப்படும். தொடக்கத்தில் ஊதியம் குறைவாகவே இருக்கும் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் மாத ஊதியம், வேலை நேரம், விடுமுறை, பயணச் செலவு ஆகிய நான்கையும் பணிவோடும் தெளிவோடும் கேட்டறிந்த பின்னரே சேர்தல் வேண்டும். கேட்க நாணி, பின் மனம் புழுங்கி விலகுவோர் பலர். மாணவியர் மாலை நேரம் எவ்வளவு நீளும் என்பதையும், அலுவலகத்தில் பிற பெண்கள் பணிபுரிகின்றனரா என்பதையும் பெற்றோருடன் நேரில் சென்று அறியலாம், இதில் குறையேதுமில்லை. பெண் வழக்குரைஞர்களின் தொகை பெருகியுள்ள இந்நாளில் அவர்தம் அலுவலகங்களும் மாணவியர்க்கு நல்ல வாய்ப்பாகும்.

மாணவப் பருவத்திலேயே இவ்வுலகை அறிய விரும்புவோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு வாயில். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இக்குழுக்கள் சட்டத் தன்னார்வலர்களைத் தெரிவு செய்து பயிற்சி அளிக்கின்றன. மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்கும் அப்பணியே சிறந்த பயிற்சிக்களம்.

வளர்ச்சிப் படிகள்

எழுத்தராகச் சேர்ந்தவர் எழுத்தராகவே ஓய்வு பெறல் வேண்டும் என்பதில்லை. முதல் ஈராண்டில் உரிமையியல் நடைமுறையை நன்கு கற்றல் வேண்டும். பின்னர்ச் சொத்துரிமை ஆய்வு, பத்திரம் எழுதுதல், சட்ட மொழிபெயர்ப்பு என ஒன்றில் தனித்திறன் வளர்த்தல் வேண்டும். வங்கிகள் வீட்டுக்கடன் தருமுன் வழக்குரைஞரின் சட்டக் கருத்துரை கேட்கின்றன. அதற்கு முப்பது ஆண்டுப் பத்திரத் தொடரைத் தேடி வரிசைப்படுத்தும் எழுத்தர் எந்நாளும் வேண்டப்படுவார். நிறுவனங்களின் சட்டப்பிரிவிலும் இத்தகையோர்க்கு இடமுண்டு.

பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். பொதுப்பிரிவினர்க்குப் பட்டப்படிப்பில் 45 விழுக்காடு வேண்டும் என்பது வழக்குரைஞர் மன்ற விதி. இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குச் சலுகை உண்டு. வகுப்புக்கு ஒழுங்காக வருதல் கட்டாயமாதலால் முழுநேர வேலையோடு அதனை நடத்த இயலாது. இரண்டு மூன்று ஆண்டு உழைத்துப் பொருள் சேர்த்துப் பின் சேர்தல் நடுத்தரக் குடும்பத்தார்க்கு ஏற்ற திட்டம். எழுத்தராகவே தொடர்வோரின் நலனுக்குத் தமிழ்நாடு வழக்குரைஞர் எழுத்தர் நலநிதிச் சட்டம் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதில் உறுப்பினராவது குறித்துப் பணியில் சேர்ந்தவுடன் விசாரித்தல் வேண்டும்.

பணியறம்

இப்பணியில் திறமையைவிட நம்பிக்கையே பெரிது. ஐந்து நெறிகளை மாணவர் மனத்திற்கொள்க.

1. அலுவலகத்தில் கேட்டதை வெளியில் பேசற்க. ஒருவரின் மணமுறிவும் கடனும் தேநீர்க்கடைப் பேச்சாதல் கூடாது.
2. கட்சிக்காரர் தரும் பணத்திற்கு உடனே பற்றுச்சீட்டு தருக. நீதிமன்றக் கட்டணமும் ‘குமாஸ்தா பீஸும்’ வெவ்வேறு என்பதைத் தெளிவாகச் சொல்க.
3. வழக்கின் வெற்றி தோல்வி குறித்து உறுதி கூறற்க. அது வழக்குரைஞரின் பொறுப்பு.
4. வழக்குப் பிடித்துக் கொடுத்துத் தரகு பெறற்க. 2023ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இத்தகைய தரகரைத் தண்டிக்க வகை செய்கிறது.
5. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்குமுன் ஆவணம் முழுவதையும் அவர்க்கு விளங்கும் தமிழில் படித்துக் காட்டுக.

ஐந்தாவது நெறியைச் சற்றே விரிப்போம். கணவனை இழந்த முதிய பெண்ணொருத்தி மகன் காட்டிய இடத்தில் பெருவிரலை ஊன்றுகிறாள். அவள் ஊன்றுவது விடுதலைப் பத்திரமா, பொது அதிகாரப் பத்திரமா என்பது அவளுக்குத் தெரியாது. எழுத்தருக்குத் தெரியும். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தாளில் உள்ளதை அவள் காதில் விழுமாறு படிக்க எழுத்தருக்கு இரண்டு நிமிடம் போதும். அவ்விரண்டு நிமிடத்தைத் தருபவரா, தராதவரா என்பதைக் கொண்டே ஓர் எழுத்தரின் தரத்தை அளவிடலாம். அவ்வாறு படிப்பதால் சில வேளை வாடிக்கையாளர் ஒருவரை இழக்க நேரிடும். இழப்பினும் படித்தலே முறை.

நிறைவுரை

தமிழ்த்துறைகள் இவ்வகையில் செய்யத்தக்கன சில உள. இறுதியாண்டில் சட்டத் தமிழும் மொழிபெயர்ப்பும் விருப்பப் பாடமாக அமையலாம். பழைய பத்திரங்களைப் பெயர் மறைத்துப் பயிற்சிக்குத் தரலாம். திறந்த நீதிமன்றத்தில் எவரும் அமர்ந்து கேட்கலாம் என்பதால் மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லலாம். ஊரிலுள்ள வழக்குரைஞர்களும் சமுதாயப் பெரியோர்களும் கோடை விடுமுறையில் மாணவர் ஓரிருவரைத் தம் அலுவலகத்தில் அமர்த்திப் பயிற்றலாம். பள்ளிவாசல் நிருவாகக் குழுக்களிடம் உள்ள பழம் பத்திரங்களைப் படித்துப் பட்டியலிடும் பணியை அம்மாணவரிடம் ஒப்படைத்தால் இருசாரார்க்கும் நன்மை.

மாணவர் செய்ய வேண்டியது எளிது. இவ்வாண்டே தட்டச்சுப் பயிலகத்தில் சேர்க. நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குக. இல்லத்தில் உள்ள பத்திரத்தை எடுத்து, பெற்றோர் முன்னிலையில் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்க. விளங்காத சொற்களைக் குறித்துக்கொண்டு ஆசிரியரை அணுகுக. அவ்வாறு அணுகும் மாணவரின் ஐயங்களைத் தீர்த்து வைக்க நாம் எந்நாளும் ஆயத்தமாக உள்ளோம்.